ஸ்குவாஷ் ஆட்டமும் ஸ்ரீமதி ஜோஷ்னாவும்

2025ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 14ந் தேதி சென்னையில் நடந்த ஸ்குவாஷ் உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் இந்தியக் கோஷ்டி ஹாங்காங் கோஷ்டியை 3-0 என்ற கணக்கில் தோற்கடித்து, அக்கோப்பையை முதன்முறையாக நம் தேசத்துக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. அதற்கு முன் அரையிறுதியில் இவ்வாட்டத்தில் உலகிற்கே தலைமை வகித்துவந்த எகிப்துக் கோஷ்டியும் நம்மவரிடம் தோல்வியுற்றது. வாழ்த்துக்கள் குவிந்தன, படங்கள் பிரசுரமாயின. ஆனால் அவ்வாரத்து ஆரவாரம் அடங்கிய பின் இவ்வெற்றியின் பொருள் யாது, இதற்கு விலை கொடுத்தவர் யார், இனிச் செய்யவேண்டுவது என்ன என்று ஆராய்ந்தோர் சிலரே. அவ்வாராய்ச்சியை இன்று நாம் மேற்கொள்ளுகிறோம்.

அவ்விறுதிப் பந்தயத்தில் முதலில் களமிறங்கி நமக்கு வெற்றி தேடித் தந்தவர் ஸ்ரீமதி ஜோஷ்னா சின்னப்பா. அப்போது அவருக்கு வயது 39. மூன்றாவதாக ஆடி வெற்றியைப் பூர்த்தி செய்த குமாரி அனாஹத் சிங்குக்கு வயது 17. அனாஹத் பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்பே ஜோஷ்னா இந்தியாவின் சாம்பியன் பட்டத்தைப் பெற்றுவிட்டார். வீரர்களின் காலம் முப்பதோடு முடிந்துவிடுகிறது என்று கருதப்படும் ஒரு தொழிலில், கால் நூற்றாண்டு காலம் ஒருவர் நிலைத்து நின்றார் என்றால் அது சாமானியமான காரியமன்று.

"ஸ்குவாஷ் என்பது சீமான்களின் பொழுதுபோக்கு. குளிர்ந்த கிளப்புகளுக்குள்ளே நான்கு சுவர்களுக்கு நடுவில் ஆடப்படுவது. வேலையின்மையும் விலைவாசியும் ஜனங்களை வாட்டும்போது தேசத் தொண்டர்களாகிய நமக்கு இதில் என்ன அக்கறை?" என்று நம் நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அதை நாம் தட்டிக் கழிக்கப் போவதில்லை. இவ்வாட்டம் சீமான்களுடையதாக இருந்துவருவது வாஸ்தவந்தான். ஏன் அப்படி இருந்துவருகிறது, எப்போதும் அப்படியே இருக்கவேண்டுமா என்பவையே நாம் விசாரிக்கவேண்டிய விஷயங்கள்.

முதலில் இவ்வாட்டத்தின் பூர்வோத்தரத்தைக் கவனிப்போம். இதற்குத் தாயான 'ராக்கெட்ஸ்' என்னும் ஆட்டம் 18ஆம் நூற்றாண்டில் லண்டன் நகரத்துக் கடன்காரர் சிறைகளில் செழித்தது. கடனைத் தீர்க்க வகையற்று அடைபட்டிருந்தவர்கள் சிறைச் சுவரில் பந்தை அடித்துப் பொழுது போக்கினார்கள். சிறையிலிருந்து அது பிரபுக்களின் பிள்ளைகள் படித்த ஹாரோ பள்ளிக்கூடத்துக்குச் சென்றது. அங்கே 19ஆம் நூற்றாண்டில் மாணவர்கள் கெட்டிப் பந்துக்குப் பதிலாக, சுவரில் பட்டால் நசுங்கும் ரப்பர்ப் பந்தை உபயோகிக்கத் தொடங்கினார்கள். அதுவே ஸ்குவாஷ். நம் பண்டித ஜவாஹர்லால் நேரு படித்ததும் அதே ஹாரோவில்தான். ஏழைக் கைதிகள் கண்ட விளையாட்டு இவ்வாறு எஜமானர்களின் சொத்தாயிற்று. எஜமானர்களோடு கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது.

இங்கே வந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளும் சிவில் உத்தியோகஸ்தர்களும் தங்கள் கிளப்புகளிலும் கண்டோன்மெண்டுகளிலும் ஸ்குவாஷ் கட்டடங்களை எழுப்பினார்கள். 32 அடி நீளமும் 21 அடி அகலமும் உள்ள ஓர் அறை, முன்னே ஒரு பெருஞ்சுவர், இவ்வளவே வேண்டியது. ஆனால் அவ்வறைக்குள் இந்தியனுக்குக் கிடைத்த இடம் யாது? அநேக கிளப்புகளில் அவன் அங்கத்தினனாக முடியாது. பந்து பொறுக்கும் பையனாகவோ, துரைமார்களுக்கு ஆடிக் காட்டிப் பழக்கும் 'மார்க்கர்' ஆகவோதான் அவன் உள்ளே நுழையலாம். துரைக்கு வியர்வை வரும்படி ஆடவேண்டும். ஆனால் துரையின் மனம் நோகும்படி ஜெயித்துவிடக் கூடாது. இதுவே மார்க்கரின் தர்மமாக இருந்தது.

அத்தகைய பையன்களில் ஒருவர் பெஷாவரைச் சேர்ந்த ஹாஷிம் கான். பிரிட்டிஷ் அதிகாரிகளின் கிளப்பில் வேலை பார்த்த ஒருவரின் புதல்வர். துரைமார்கள் ஆடி முடித்துச் சென்றபின், வெறுங்காலோடு காலியறையில் இறங்கித் தமக்குத் தாமே ஆடிப் பழகியவர். 1944ல் பம்பாயில் நடந்த அகில இந்தியப் பந்தயத்தில் அவர் பட்டம் பெற்றார். தேசம் பிரிந்த பிறகு, 1950ல் இந்தியாவிலிருந்து சென்ற அப்துல் பாரி பிரிட்டிஷ் ஓபன் பந்தயத்தில் இறுதி ஆட்டம் வரை முன்னேறினார் என்ற செய்தி பெஷாவருக்கு எட்டியது. பம்பாயில் தாம் வென்ற அதே பாரி! மறு வருஷமே ஹாஷிம் கான் இங்கிலாந்து சென்றார். முப்பது வயதைக் கடந்திருந்த அவர் 1951ல் எகிப்தியச் சாம்பியன் மஹ்மூத் கரீமை மூன்றே ஆட்டங்களில் வீழ்த்திப் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தைக் கைப்பற்றினார். அப்பட்டத்தை அவர் மொத்தம் ஏழு முறை பெற்றார். எஜமானன் கற்றுக் கொடுத்த ஆட்டத்தில், எஜமானனின் சொந்த ஊரிலேயே, பந்து பொறுக்கிய பையன் கொடி நாட்டினான் என்பதைக் காட்டிலும் அடிமை நாட்டில் பிறந்தவருக்கு உவகை தரும் செய்தி வேறென்ன இருக்கக்கூடும்?

அதன் பின் நடந்தது நமக்குப் பாடமாகும். பாகிஸ்தானத்தில் விமானப் படையும், பிற்காலத்தில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனமும் இவ்வாட்டக்காரர்களை ஆதரித்தன. ஹாஷிமின் சகோதரரும் உறவினரும் வரிசையாகப் பட்டங்களை வாரினார்கள். 1982 முதல் 1991 வரை பத்து வருஷம் தொடர்ந்து ஜஹாங்கீர் கான் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை வேறொருவருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. அதே மண்ணின், அதே மார்க்கர் பரம்பரையின் மற்றொரு பாதியை வைத்திருந்த நாம் என்ன செய்தோம்? ஆட்டத்தைக் கிளப்புகளிடமும் ராணுவத்திடமும் ராஜ குடும்பங்களிடமும் விட்டுவிட்டோம். 1977 முதல் 1992 வரை தொடர்ந்து 16 வருஷம் பெண்கள் பிரிவில் தேசியச் சாம்பியனாக விளங்கிய ஸ்ரீமதி புவனேசுவரி குமாரி ஆல்வார் ராஜ குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய திறமையில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் கோடிக்கணக்கான பெண்கள் உள்ள தேசத்தில் அவருக்குப் பதினாறு வருஷம் எதிரி தோன்றாமற் போனது அவர் பெருமையை மட்டுமன்றி நம் ஏழ்மையையும் காட்டுகிறது.

இந்நிலையில்தான் 1986ஆம் வருஷம் செப்டம்பர் 15ந் தேதி சென்னையில் ஜோஷ்னா பிறந்தார். குடகு நாட்டுக் குடும்பம். சுதந்திர இந்தியாவின் முதல் இந்தியப் பிரதம சேனாதிபதி கரியப்பாவுக்கு உறவு. தந்தை அஞ்சன் சின்னப்பா தமிழ் நாட்டின் சார்பில் ஸ்குவாஷ் ஆடியவர். அவரே மகளுக்கு முதற் குரு. ஆகவே ஜோஷ்னா கிளப்பின் முன்வாசல் வழியாக உள்ளே வந்தவர் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் முன்வாசல் வழியாக நுழைந்த எத்தனையோ பேர் மாலையில் ஒரு மணி நேரம் ஆடி வீடு திரும்பினார்கள். இவரோ அதையே தம் தொழிலாகவும் தவமாகவும் வரித்துக் கொண்டார்.

2000ஆம் வருஷத்தில், 14 வயதில், அவர் பெரியவர்களுக்கான தேசியப் பட்டத்தை வென்றார். அவ்வளவு இளமையில் அதைப் பெற்ற பெண் அதுவரை இல்லை. 2005ல் 19 வயதுக்குட்பட்டோருக்கான பிரிட்டிஷ் ஜூனியர் ஓபன் பட்டம் பெற்றார். அதைப் பெற்ற முதல் இந்தியப் பெண் இவரே. அதே வருஷம் உலக ஜூனியர் பந்தயத்திலும் இறுதி ஆட்டம் வரை சென்றார். இங்ஙனம் முளையிலேயே விளைவைக் காட்டிய பயிருக்கு, அடுத்து வந்த வருஷங்கள் எளிதாக இருக்கவில்லை. சிறுமியருக்குரிய பந்தயங்கள் முடிந்து, பெரியவர்களின் தொழில்முறைப் பந்தயங்களுக்குள் நுழைந்ததும் நிலைமை மாறியது. முழங்கால் காயத்தால் மாதக் கணக்கில் ஆட முடியாமல் இருந்த காலமும் வந்தது. இனி இவர் எழமாட்டார் என்று சொன்னவர்கள் உண்டு. எழுந்தார்.

2014ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் காமன்வெல்த் பந்தயம் நடந்தது. பெண்கள் இரட்டையர் இறுதியில் ஜோஷ்னாவும், அவரைப் போலவே சென்னையில் வளர்ந்த ஸ்ரீமதி தீபிகா பள்ளிக்கலும் இங்கிலாந்தின் இரு பெரும் ஆட்டக்காரிகளைத் தோற்கடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார்கள். காமன்வெல்த் பந்தயத்தில் ஸ்குவாஷுக்காக இந்தியா பெற்ற முதல் பதக்கமே அதுதான். 2016ல் ஜோஷ்னா உலக வரிசையில் பத்தாம் ஸ்தானத்தை எட்டினார். 2017ல் சென்னையிலும், 2019ல் கோலாலம்பூரிலும் ஆசியச் சாம்பியன் பட்டம் அவருக்குக் கிடைத்தது. முந்தியது எந்த இந்தியப் பெண்ணும் அதற்கு முன் பெற்றிராதது. 2018ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் பந்தயத்தில், எட்டு முறை உலகச் சாம்பியனாயிருந்த மலேயாவின் நிக்கல் டேவிட்டை ஐந்து ஆட்டங்கள் நீண்ட போரில் வென்றார். 2019ல் 17ஆவது தேசியப் பட்டம் பெற்று, புவனேசுவரி குமாரியின் கணக்கைக் கடந்தார். மறு வருஷம் 18ஆவது. 2022ல் கிளாஸ்கோவிலேயே தீபிகாவோடு உலக இரட்டையர் பட்டம். 2013ல் அர்ஜுனா விருதும் 2024ல் பத்மஸ்ரீ விருதும் சர்க்கார் அளித்தனர்.

இப்பட்டியலைக் காட்டிலும் நம் சிந்தையைக் கவர்வது 2025ஆம் வருஷம் அக்டோபரில் நடந்த ஒரு சிறு சம்பவமாகும். விருதுகளெல்லாம் பெற்றுவிட்ட ஜோஷ்னாவின் உலக ஸ்தானம் அப்போது நூறுக்கும் கீழே இறங்கியிருந்தது. பெரும் பந்தயங்களின் கதவு அவருக்கு எளிதில் திறவாது. மற்றொருவராயின் பத்மஸ்ரீயை மாட்டிக் கொண்டு பொதுக் கூட்டங்களுக்குத் தலைமை வகிக்கப் போயிருப்பார். இவர் ஜப்பான் தேசத்து யோகஹாமா நகருக்குச் சென்று, வளரும் ஆட்டக்காரிகள் கூடும் ஒரு சிறு தரப் பந்தயத்தில் சேர்ந்தார். தம் வயதிற் பாதியே ஆன பெண்களோடு நாள்தோறும் மல்லுக்கட்டி, இறுதியில் எகிப்தின் ஹாயா அலியை வென்று, ஜப்பான் ஓபன் பட்டத்தோடு திரும்பினார். இரண்டு மாதம் கழித்துச் சென்னையில் உலகக் கோப்பை. கௌரவம் பார்த்து வீட்டிலிருந்திருந்தால் அக்கோப்பையில் அவர் கை பட்டிராது. பதவியிலிருந்து இறங்கியபின் சாதாரணத் தொண்டனாக வேலை செய்ய மனமில்லாத நம் அரசியல்வாதிகள் இச்சம்பவத்தை இரண்டு முறை வாசிப்பது நலம்.

தொழில்முறை ஆட்டக்காரரின் வாழ்வு எத்தன்மையது என்பதை நம் ஜனங்கள் சரியாக அறிந்திருக்கவில்லை. கிரிக்கெட் ஆட்டக்காரனுக்குக் கோடிகள் கிடைப்பதைப் பார்த்து, எல்லா விளையாட்டிலும் அவ்வாறே என்று எண்ணிவிடுகிறார்கள். ஸ்குவாஷில் பெரும்பாலோர் நிலை வேறு. ஆட்டக்காரர் ஒரு தேசத்திலிருந்து மற்றொரு தேசத்துக்குப் பந்தயம் தேடிப் போகவேண்டும். பயணச் செலவு, தங்குஞ் செலவு, பயிற்சியாளர் சம்பளம், வைத்தியச் செலவு ஆகியவற்றுக்குப் பணம் முன்னாலேயே வேண்டும். பரிசோ வென்றால் மட்டும், பின்னால். முதல் சுற்றிலேயே தோற்றால் வந்த வழிச் செலவுக்கும் கட்டாது. கால் முறிந்தால் வருமானமும் முறியும். ஆதரவாளர் எவரும் இல்லாத வீட்டுப் பிள்ளை இத்தொழிலில் எத்தனை வருஷம் தாக்குப் பிடிப்பான்?

அதிலும் பெண்களின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. நம் தேசியப் பந்தயத்திலேயே ஆடவருக்கு ஒரு தொகை, பெண்டிருக்கு அதிற் குறைந்த தொகை என்ற அநீதி வெகு காலம் வழங்கிவந்தது. சுவரும் ஒன்று, பந்தும் ஒன்று, வியர்வையும் ஒன்று. கூலி மட்டும் வேறு! ஸ்ரீமதி தீபிகா பள்ளிக்கல் இதை எதிர்த்து 2012 முதல் 2015 வரை தேசியப் பந்தயங்களைப் பகிஷ்கரித்தார். 2016ல் பரிசுத் தொகை சமமாக்கப்பட்ட பின்னரே திரும்பி வந்தார். பகிஷ்காரம் என்ற ஆயுதத்தை இத்தேசத்துக்குக் காட்டிக் கொடுத்தவர் யார் என்று நாம் நேயர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்நியத் துணியை விலக்கிய அதே முறையால், ஒரு பெண் தனியாக நின்று, கூச்சலின்றி, தம் பட்டங்களை இழந்து, ஒரு நியாயத்தை வாங்கித் தந்தார். ஆண்டுதோறும் பட்டம் வென்ற ஜோஷ்னாவின் சேவையும், பட்டத்தை வேண்டாமென்று நின்ற தீபிகாவின் சேவையும் ஒன்றையொன்று பூர்த்தி செய்பவை என்பதே நம் அபிப்பிராயம்.

சென்னைக்கு இதில் உள்ள பங்கையும் மறத்தலாகாது. நேரு பூங்காவில் அமைந்த பயிற்சிக்கூடம் கல்கத்தாவிலிருந்து ஸௌரவ் கோஷாலையும், சண்டிகரிலிருந்து ஹரிந்தர் பால் சிங் சந்துவையும் இங்கே வரவழைத்தது. கோஷால் 2024ல் தொழில்முறை ஆட்டத்திலிருந்து விலகுமுன் உலக வரிசையில் முதல் பத்துக்குள் புகுந்த முதல் இந்திய ஆடவர் என்ற கீர்த்தியை அடைந்தார். உலகக் கோப்பைக் கோஷ்டியில் இடம் பெற்ற அபய் சிங்கும் வேலவன் செந்தில்குமாரும் சென்னைப் பிள்ளைகளே. ராஜ்ய சர்க்காரின் ஆதரவோடு 2023லும் 2025லும் உலகக் கோப்பை இந்நகரிலேயே நடந்தது. பம்பாயும் கல்கத்தாவும் பழைய கிளப்புகளின் பெருமையைப் பேசிக் கொண்டிருக்க, சென்னை வேலை செய்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆயினும் தற்புகழ்ச்சியில் மயங்கி நிற்கவேண்டாம். ஹாஷிம் கானின் கதையை நாம் மேலே எடுத்துரைத்தது பழமை பாடுவதற்காகவன்று. அப்பையனுக்கு ஒரு சுவராவது கிடைத்தது. எஜமானர்கள் போனபின் அவன் அதைத் திருட்டுத்தனமாகவேனும் உபயோகிக்க முடிந்தது. இன்று மதுரையிலோ திருநெல்வேலியிலோ சேலத்திலோ ஒரு நெசவாளியின் மகள் இவ்வாட்டத்தில் ஆசை கொண்டால் எந்தச் சுவரை நோக்கிப் பந்தை அடிப்பாள்? கிளப்பின் சுவர் அவளுக்கு இல்லை. பள்ளிக்கூடத்திற் சுவரே இல்லை. துரைமார்கள் போய் எண்பது வருஷமாகப் போகிறது. கிளப்பின் வாசலில் தோலின் நிறம் பார்ப்பது நின்றது. இப்போது பணப்பையின் கனம் பார்க்கிறார்கள். பலகையில் எழுத்து மாறியதேயன்றிக் கதவு திறக்கவில்லை. சுயராஜ்யம் என்பது கதவு திறப்பதேயன்றிக் காவல்காரன் மாறுவதன்று.

இதற்கு நல்ல தருணம் இப்போது வாய்த்திருக்கிறது. பல முறை கதவைத் தட்டித் திரும்பிய ஸ்குவாஷ் ஆட்டம், 2023ஆம் வருஷம் அக்டோபரில் பம்பாயில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தீர்மானத்தால், 2028ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடக்கும் ஒலிம்பிக் பந்தயத்தில் சேர்த்துக் கொள்ளப்பட்டது. இச்சந்தர்ப்பம் பத்து வருஷம் முன்னே வந்திருந்தால் ஜோஷ்னாவின் கழுத்தில் எந்தப் பதக்கம் விழுந்திருக்குமோ, யாரறிவார்! அப்பந்தயம் தொடங்கும் ஜூலை மாதத்தில் அவருக்கு 41 வயது நிரம்பியிருக்கும். ஒரு தலைமுறை முழுவதும் ஒலிம்பிக் என்ற ஆசையே இல்லாமல், ஆட்டத்தின் பொருட்டே ஆடி, அடுத்த தலைமுறைக்கு வழி வெட்டிக் கொடுத்தது. வழி வெட்டியவர் அவ்வழியே நடக்கக் கொடுத்து வைக்காமற் போவது நம் தேச சரித்திரத்தில் புதிதன்று.

நாம் கோருவன மூன்று. முதலாவது, ஜில்லாத் தலைநகர்தோறும் பொது ஜனங்களுக்குரிய ஸ்குவாஷ் கட்டடங்களை ராஜ்ய சர்க்கார் எழுப்பவேண்டும். பந்து பொறுக்க வரும் பையனும் துடைப்பம் எடுத்து வரும் பெண்ணின் மகளும் கட்டணமின்றி அங்கே ஆடலாம் என்பது எழுத்தில் மட்டுமன்றிப் பழக்கத்திலும் இருக்கவேண்டும். சர்க்கார் நிலத்தைக் குத்தகைக்கு அனுபவித்துவரும் கிளப்புகள் எங்கெங்கு உண்டோ, அவை வாரத்தில் சில மணி நேரமேனும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தம் கதவைத் திறக்கவேண்டுமென்று குத்தகையிலேயே ஷரத்து விதிப்பதில் தவறென்ன? இரண்டாவது, உலகப் பந்தயங்களுக்குச் செல்லும் இளம் ஆட்டக்காரருக்குப் பயணச் செலவை வென்றபின் பரிசாகக் கொடுப்பதை விடுத்து, செல்லுமுன்னரே உரிமையாகக் கொடுக்கவேண்டும். வெற்றி பெற்றவனுக்கு மாலை போடுவதற்கு எல்லோரும் வருவார்கள். தோற்றவனுக்கு ரயில் சத்தம் கொடுப்பதே சர்க்காரின் கடமை. மூன்றாவது, தங்கள் வாழ்நாளை ஆட்டத்துக்கு அர்ப்பணித்தவர்களையும், பெயர் வெளிவராத பழைய மார்க்கர்களையும் பயிற்சியாளராக நியமித்து, கௌரவமான சம்பளம் தரவேண்டும். அவர்கள் கையில் இருக்கும் வித்தை அவர்களோடு மடிய விடுவது பெருநஷ்டமாகும்.

நம் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. தேகப் பயிற்சியை அந்நியரின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு சுவரும் ஒரு பந்தும் ஒரு மட்டையும் எவருடைய பிதுரார்ஜிதமும் அல்ல. கடன்பட்ட கைதி அதைக் கண்டான். பிரபு பறித்துக் கொண்டான். பந்து பொறுக்கிய பையன் திரும்பப் பெற்றான். சென்னைப் பெண் ஒருத்தி 25 வருஷம் உழைத்து அதை நம் தேசத்தின் பெயரில் பதிவு செய்து கொடுத்திருக்கிறாள். அச்சொத்தை ஏழை எளியவர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கவேண்டிய பொறுப்பு நம்முடையது. ஸ்ரீமதி ஜோஷ்னாவுக்கு நம் வாழ்த்தும் வந்தனமும் உரியவை. ஆனால் அவருக்கு நாம் செய்யக்கூடிய மெய்யான மரியாதை, அவரைப் போல் கிளப்பின் முன்வாசல் வழியாக நுழைய வகையில்லாத ஒரு பெண்ணுக்கு நம் செலவில் ஒரு சுவரைக் கட்டிக் கொடுப்பதேயாகும். சர்க்காரும் ஜனங்களும் இதனைக் கருத்தில் கொள்வார்களாக.